பட்டு கட்டிய மீன்கள்

காஞ்சிபுரத்தில் பட்டைப் பற்றிக் கேளுங்கள், கோயில்களைப் பற்றிக் கேளுங்கள், இட்லியைப் பற்றிக்கூடக் கேளுங்கள், நாள் முழுக்கப் பேசுவார்கள். மீனைப் பற்றிக் கேட்டால் மார்க்கெட் எந்தப் பக்கம் என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, வனவிலங்கும் மீன்வளமும் சேர்ந்த மேலாண்மைப் படிப்பைக் கவுன்சிலிங்கில் நானே ஆசைப்பட்டு எடுத்தேன். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அம்மா மட்டும் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் "ஏதோ சயின்ஸ் படிக்குதுமா" என்று சொல்லி, மீன் என்ற சொல்லை முழுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. மீனின் காதுக்குள் ஒரு கல் இருக்கிறது, அதில் வளையம் வளையமாகக் கோடு இருக்கிறது, அதை எண்ணினால் மீனின் வயது தெரிந்துவிடும் என்று கண்ணால் பார்த்த அன்றைக்கு ஆய்வகத்திலிருந்து ஓடிவந்து அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"காதுல கல்லா? அப்போ மீனும் தோடு போட்டுகினுதான் சுத்துதா?" என்றார்.

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் விடுதிக் காப்பாளர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

மீனை அறுத்துப் படிக்கும் வாரங்களில் வீட்டுக்கு வந்தால் பேருந்தில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். கூட்டம் நின்றுகொண்டு வரும், அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். நான் அதில் பையை வைத்துக்கொண்டு மகாராணியாக வருவேன். ஊருக்குள் வேறு விதமான மரியாதை. வாலறுந்த கிளி, வாந்தி எடுக்கும் பூனை, தண்ணீர்த் தொட்டிக்குள் வந்துவிட்ட ஆமை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நான் மருத்துவம் படிக்கவில்லை என்று சொன்னால், "மீனுக்குப் பாக்கறவ பூனைக்குப் பாக்க மாட்டியா?" என்று கோபித்துக்கொள்வார்கள். அந்த ஆமையை நானும் அப்பாவும் வண்டியில் கொண்டுபோய் ஏரியில் விட்டோம். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா அதற்கு எந்தச் சாயம் பொருந்தும் என்று பேசிக்கொண்டே வந்தார்.

கல்லூரியில் என் அறைத்தோழி கடற்கரைக்காரி. அவளுடைய அப்பா படகு வைத்திருந்தார். ஏரி மீனை அவள் மீன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். கெண்டையைக் கையில் கொடுத்தால், "இதுக்குப் பேரு மீனா? உப்பே பாக்காத பய" என்பாள். அவளுக்கு ஒரே கனவுதான். ஆழ்கடலில் போய் மீன்வளத்தைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் பயிற்சிக்குப் போக வேண்டும். கடைசி வருஷத் தொடக்கத்திலேயே அந்த இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ஜூன் மாதம் கப்பல் கிளம்பும்போது படிப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

முடிப்பதற்கு மிச்சம் இருந்தது கடைசி வருஷ ஆய்வு ஒன்றுதான். அதை இருவர் சேர்ந்து செய்ய வேண்டும், நானும் அவளும் ஜோடி. கடலோரத்தில் எங்காவது செய்யலாம் என்று அவள் சொன்னாள். நான்தான் விடாப்பிடியாக, எங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும் தென்னேரி ஏரியில் மீன் எவ்வளவு என்று கணக்கெடுக்கலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மா சமையல் கிடைக்கும் என்று ஆசை காட்டினேன். கணக்கு சரியாக வராவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் அவளுடைய கப்பல் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் கணக்கு ஏன் வராமல் போகும்? அது அவ்வளவு சுலபமான கணக்கு.

அம்மாவுக்கு அதை அரிசிப் பானையை வைத்து விளக்கினேன். பானையில் எத்தனை அரிசி என்று ஒவ்வொன்றாக எண்ண முடியாது. கறுப்பு உளுந்தை எண்ணி ஒரு பிடி போட்டு நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு ஒரு ஆழாக்கு அள்ளி அதில் எத்தனை உளுந்து வருகிறது என்று பார்த்தால், பானையில் மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஏரியிலும் அப்படித்தான், கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விடுவோம், மூன்று வாரம் கழித்து மறுபடி வலை போடுவோம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் உளுந்த பொறுக்கறது யாரு?" என்றாள்.

மீனுக்கு மாட்டும் அடையாளச் சீட்டுகள் வருவதாக இருந்தது, வரவில்லை. ஏரியில் தண்ணீர் குறைவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். எங்கள் பேராசிரியர், "கண்ணுல படணும், மீனுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது, தண்ணியில சாயம் போகக் கூடாது. எதையாவது யோசிங்க" என்றார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பட்டு நூல் என்றேன். "காஞ்சிபுரத்துப் பொண்ணு வேற என்ன சொல்லும்?" என்று சிரித்துவிட்டு அவரும் சரி என்றார்.

அன்று மாலை அப்பா வண்ண நூல்களைக் கூடத்தில் பரப்பிப் போட்டுவிட்டு, எங்களைக் கடைக்கு வந்த கல்யாண வீட்டார் மாதிரி எதிரில் உட்கார வைத்தார்.

"மீனு என்னா நெறம்மா?" என்று கேட்டார்.

"வெள்ளி மாதிரி இருக்கும்பா. முதுகு மட்டும் கறுப்பு."

"கறுப்புமேல பச்சை எடுக்காது. மயில் கழுத்து தண்ணிக்குள்ள தெரியாது." நூலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்ததை எடுத்தார். "அரக்கும் மஞ்சளும் சேத்து முறுக்கிக் கட்டு. அதுதான் எடுப்பா இருக்கும். எத்தினி நாளு ஊறினாலும் போவாது, நான் கேரண்டி."

அரக்கும் மஞ்சளும் முகூர்த்தப் புடவை நிறம். எங்கள் வீட்டில் பிறந்த எனக்கு அது அந்த நிமிஷத்தில் உறைக்கவே இல்லை. இதைவிட மடத்தனமாக ஓர் ஆய்வைத் தொடங்க முடியாது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அழகாக இருக்கிறதே என்று கைதட்டினேன்.

தென்னேரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்திருந்தவரிடம் அனுமதி வாங்கினோம். அவருடைய ஆட்கள் மதகுப் பக்கம் வலை போட்டு மீனை உயிரோடு தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். நான் முதுகுத் துடுப்பின் அடியில் மெல்லிய ஊசியால் நூலைக் கோத்துக் கொடுப்பேன், தோழி முடிச்சுப் போடுவாள். அவள் விரல் போகும் வேகத்துக்கு என்னால் ஊசி கோக்க முடியவில்லை. சிறு வயதிலிருந்து வலை கட்டிய கை அது. ஒரே முடிச்சு, இழுத்தால் இறுகும், தண்ணீரில் நெகிழாது. ஏலம் எடுத்த ஏரிக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"என்னாமா, எம்மீனுக்கெல்லாம் பட்டு உடுத்தி வுட்டுகினு இருக்க? மாப்பிள்ளை யாரு?" என்றார்.

இருநூறு மீன்களுக்குக் கட்டி முடித்தோம். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நழுவிப் போகும்போது அரக்கும் மஞ்சளும் ஒரு கணம் மின்னி மறையும். நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று, போய் வாங்கடி, போய் வாங்கடி என்று கத்திக்கொண்டிருந்தோம். வலைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரீட்சையையும் எழுதியதில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி வலை போட்டோம். வலை நிறைய மீன். கெண்டை, கட்லா, ஜிலேபி என்று தொட்டி தொட்டியாக வந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். நூல் கட்டிய மீன் ஒன்றுகூட இல்லை. எங்கள் கணக்கில் ஒன்றுகூட வராவிட்டால் விடையே கிடையாது. சூத்திரத்தைக் கேட்டால் ஏரியில் மீன் முடிவில்லாமல் இருக்கிறது என்று சொல்லும். தோழி செல்போனில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள்டி, உங்க ஊரு ஏரியில உலகத்துல உள்ள எல்லா மீனும் இருக்கு" என்றாள். வலைக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் வெளிவந்தது அன்று திரும்பி வந்த ஷேர் ஆட்டோவில். ஓட்டியவர் எங்கள் ஊர் பாய், சின்ன வயதிலிருந்து என்னை 'பேட்டி', அதாவது மகளே, என்று கூப்பிடுகிறவர். ஐயம்பேட்டை தாண்டும்போது எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். தென்னேரி என்றதும் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

"பேட்டி, அப்போ கல்யாண மீன பாத்தியா?"

"என்ன மீனு பாய்?"

"தெரியாதா உனக்கு? அரக்குல மஞ்சள்ல பட்டு கட்டிகினு சுத்துதாமே! தூண்டில்ல மாட்டினா வுட்டுடணுமாம். வுட்டவங்க வூட்ல ஒரு மாசத்துல கல்யாணம் கூடி வருதாம்."

தோழி என் கையைக் கிள்ளினாள். நான் குரலைச் சரிசெய்துகொண்டு, "அந்தப் பட்டு யாரு கட்டினதாம் பாய்?" என்று கேட்டேன்.

"யாரு கட்டுவாங்க? அதுவே கட்டிகினு வந்துச்சாம்."

வாய்விட்டுச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் ஏரிக்குப் போய் வலைக்காரர்களில் மூத்தவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறைக்கவில்லை.

"வந்துச்சுமா, நெறைய வந்துச்சு. கல்யாண மீன எப்படிமா கரையில போடறது? வலைய கொஞ்சம் தூக்கினோம், அதுங்க பாட்டுக்கு போச்சுங்க."

"அண்ணா, நாங்கதான் கட்டினோம்! நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்மா, இல்லன்னு சொல்லல. நீங்கதான் கட்டினீங்க." பிடிவாதமாகச் சொன்னார்: "ஆனா அதுக்கப்புறம்தானே எம்பொண்ணுக்கு எடம் அமைஞ்சுது?"

அடையாளம் போட்ட மீனும் போடாத மீனும் ஒரே மாதிரி நடத்தப்பட வேண்டும் என்பது இந்தக் கணக்கின் முதல் விதி. நான் முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்த விதி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பட்டு உடுத்தி வந்த ஒரு உயிரை யாராவது மற்றவர்களைப் போல நடத்துவார்களா என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டேன்.

கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வலையில் வருவது எல்லாம் தொட்டிக்கு வரும். நாங்கள் எண்ணிவிட்டு, பட்டு கட்டியதை மரியாதையாகத் திரும்ப விட வேண்டும். தொட்டிப் பக்கம் செருப்போடு வரக் கூடாது, தொட்டியைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். தண்ணீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது, இதுதான் கடைசி வலை என்று ஏரிக்காரரும் சொல்லிவிட்டார்.

வலை வந்தது. அதை எப்படிச் சொல்வது? பிடிபட்டதில் மூன்றில் ஒன்று பட்டு கட்டியிருந்தது. கெண்டை கட்டியிருந்தது, விரால் கட்டியிருந்தது, விரல் நீள ஜிலேபி ஒன்று தன்னைவிடப் பெரிய நூலை இழுத்துக்கொண்டு நீந்தியது. தூண்டில் போட்டவர்கள் பிடித்ததை விட்டதோடு நிற்கவில்லை, தங்கள் வீட்டு வேண்டுதலுக்குத் தாங்களும் புதிதாகக் கட்டி மதகுப் பக்கமே விட்டிருக்கிறார்கள். அரக்கு நூலும் மஞ்சள் நூலும் இல்லாத வீடு இந்த வட்டாரத்தில் உண்டா?

கணக்குப் போட்டுப் பார்த்தால், கரையிலிருந்து கரை தெரியாத அந்த ஏரியில் மொத்தமே அறுநூறு மீன். பேராசிரியருக்கு போன் செய்தோம். "அந்த ஏரியில அறுநூறு கொக்கு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து நிமிர்ந்தபோதுதான் தோழி சிரிக்கவில்லை என்று பார்த்தேன். தொட்டியையே பார்த்துக்கொண்டு, "என் கப்பல் போயிருச்சுல்ல?" என்றாள். கடலைப் பார்த்துப் போக வேண்டியவளை ஏரிக்கரையில் கொண்டுவந்து உட்கார வைத்தவள் நான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் சும்மா இருக்க மாட்டாமல் தொட்டியிலிருந்து ஒரு கெண்டையை எடுத்து நூலைத் தடவினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். பிறகு எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏய், இது நான் போட்ட முடிச்சு இல்லடி!"

நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. அடுத்ததிலும் மூன்று. விராலுக்கு மூன்று. விரல் நீள ஜிலேபிக்கும் மூன்று. கல்யாணம் கேட்டுக் கட்டியவர்கள் வேறு எப்படிக் கட்டுவார்கள்? தாலிக்குப் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறார்கள். தோழியின் வலை முடிச்சு ஒன்றே ஒன்று, அது அங்கே வேறு யாருக்கும் வராது.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் நடந்தது திருவிழாதான். நான் மீனை எடுத்துக் காட்ட, அவள் விரலால் தடவி "ஒண்ணு!" என்பாள், அல்லது "மூணு!" என்பாள். வலைக்காரர்களுக்கு விஷயம் புரிந்ததும் அவர்களும் சுற்றி நின்று கூவத் தொடங்கிவிட்டார்கள். "மூணு, மூணு, ஒண்ணுமா, ஒண்ணு, நல்லா பாரு!" ஒற்றை முடிச்சு வரும்போதெல்லாம் கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி சத்தம். ஏரிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தொட்டிக்குள் கைவிட்டார். மாலை வெயிலில் கடைசி மீனையும் விட்டபோது எங்கள் கணக்கில் நம்பக்கூடிய ஓர் எண் இருந்தது. தோழி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, அப்படியே தண்ணீரில் போட்டாள்.

ஈரத்தோடு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் எல்லாக் கதையையும் சொன்னோம். நாங்கள் மூன்று முடிச்சைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்போ நான் கட்டினதும் தப்பா?" என்றாள்.

அப்பா தட்டிலிருந்து தலையை உயர்த்தினார். நான் கேட்டேன், "நீ எப்பமா கட்டின? எதுக்கு? என் கல்யாணத்துக்கா?"

"அதுக்கு இப்போ என்னா அவசரம்? ரெண்டு பேரும் மூஞ்ச தொங்க போட்டுகினு வந்தீங்களே, அதான். மறுநா நீங்க அந்தாண்ட போனதும் நானும் ஷேர் ஆட்டோ புடிச்சு ஏரிக்கு போனேன். மதகாண்ட ஒரு பையன் தூண்டில் போட்டுகினு இருந்தான். ஒரு கெண்டைய வாங்கி, எம்பொண்ணுங்க கணக்கு சரியா வரணும்னு கட்டி வுட்டேன்." கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்: "ஆட்டோல எல்லார்கிட்டயும் சொல்லிகினேதான் போனேன், அந்த மீனுக்கெல்லாம் பட்டு கட்டினது மீனு படிப்பு படிக்கிற எம்பொண்ணுதான்னு."

தோழிக்குப் புரை ஏறிவிட்டது. கணக்கு சரியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எங்கள் கணக்கில் ஒரு மீனைக் கூட்டிவிட்டு வந்திருக்கிறாள் அம்மா. எல்லாரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன். ஆனால் கைகழுவப் போன இடத்தில் கண்ணையும் கழுவிக்கொண்டேன். இத்தனை வருஷம் முழுங்கிக்கொண்டிருந்த சொல்லை அம்மா ஒரு ஆட்டோ நிறைய ஆளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள்.

ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், உங்கள் மீனையும் மற்ற மீனையும் எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார். தோழி அவருடைய பேனாவை வாங்கி, கொண்டுபோயிருந்த பட்டு நூலால் அதில் தன் முடிச்சைப் போட்டுக் காட்டினாள், பக்கத்திலேயே மூன்று முடிச்சும் போட்டுக் காட்டினாள். "இந்த மூணு முடிச்செல்லாம் யார் போட்டது?" என்றார் அவர். "பாதி ஊரு சார்" என்றாள் தோழி. "அப்புறம் இவங்க அம்மா." எங்கள் பேராசிரியர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் தேறிவிட்டோம். பேனாவில் இருந்த நூலை அவர் அவிழ்க்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

ஜூனில் கப்பலுக்குப் போகும் முன் தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேருந்து நிலையம் வரை நானும் அம்மாவும் அப்பாவும் அவளோடு போனோம். அம்மா புளிசாதம், முறுக்கு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் முந்தானையிலிருந்து அரக்கும் மஞ்சளும் முறுக்கிய நூலை எடுத்து, ஜன்னல் வழியாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டினாள். வழக்கம்போல மூன்று முடிச்சு.

தோழி கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, மூணு போட்டா நம்ம கணக்குல சேராதே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், குரல் பாதியில் உடைந்தது.

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நடத்துனரிடம் "இருப்பா, இருப்பா" என்று கையைக் காட்டிவிட்டு, பல்லால் கடித்து மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். தோழி சொல்லிக்கொடுக்க, நூலை வளைத்து, உள்ளே விட்டு, இழுத்தாள். ஒரே முடிச்சு, இறுகி நின்றது.

"இப்போ சேந்துச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"சேந்துருச்சு ஆன்ட்டி" என்றாள் அவள்.